மாநக்கவாரத்திற்கு மெல்லச் செல்லும் வழி

மாரிகுப்பத்தில் இருப்புப்பாதை முடிகிறது. பங்காருப்பேட்டையிலிருந்து 1894ஆம் ஆண்டில் சுரங்கங்களின் பொருட்டு இடப்பட்ட 16 கிலோமீட்டர்ப் பாதை இது. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், விடியுமுன் எழுந்து இவ்வழியே பெங்களூருக்குப் பிழைக்கச் செல்லும் நம்மவர், சாம்பியனும் உரிகமும் கடந்ததும் ஒரு சிறு நிலையத்தைக் காண்பர். அதன் பெயர் கோரமண்டல். அஃது ஒரு பழைய சுரங்கத்தின் பெயர். சுரங்கத்திற்கு அப்பெயர் கீழைக் கடற்கரையிலிருந்து வந்தது. அக்கடற்கரைக்கோ, 'சோழமண்டலம்' என்னும் நம் சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்ததனால் வந்தது என்பர் அறிஞர். கடற்காற்றே எட்டாத இம்மேட்டு நிலத்தில், சோழர் கடற்கரையின் பெயரை நாள்தோறும் கடந்து செல்கின்றோம். பெரும்பாலும் உறங்கிக்கொண்டே கடக்கின்றோம்!

நம் சங்கத்தின் ஆண்டுவிழா மேடைகளில் சோழர் கடற்படையைப் பற்றிப் பேசாத ஆண்டு இல்லை எனலாம். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து படை செலுத்தினான் என்பதும், அவன் கொண்ட இடங்களின் வரிசையில் ஸ்ரீவிசயமும் கடாரமும் மாநக்கவாரமும் தஞ்சைக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளன என்பதும் நாம் அறிந்தவையே. இவற்றை முழங்கிக் கைதட்டலும் பெற்றிருக்கின்றோம். ஓராண்டு கூட்டம் முடிந்த பின்னர் மாணவர் ஒருவர் எழுந்து, "மாநக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார் என்றீர்களே, அங்கே இப்போது தமிழர் இருக்கின்றனரா?" என்று வினவினார். மேடையில் இருந்த எங்களுள் ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன் நடந்த செய்தியைக் கூறவல்ல நாங்கள், இன்றைய செய்தி அறியாது நின்றோம். அந்நாணமே 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எங்களைக் கப்பலேற்றியது.

சென்றவர் நால்வர். இருவர் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர், ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் இதனை எழுதத் துணிந்தவர். சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர்க்கு வானூர்தியில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். கப்பலிலோ ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், மூன்று நாள். 'கப்பல் எதற்கு?' என்று வீட்டார் கேட்டனர். மலிவு என்பது ஒரு காரணம், அதனை மறைப்பதற்கில்லை. எனினும் சோழர் படை சென்ற தொலைவை உடம்பால் அறிய வேண்டும் என்னும் எண்ணமும் இருந்தது.

ஆழ்சுரங்கத்தின் கூண்டில் நின்று ஆயிரக்கணக்கான அடிகளைச் சில நிமிடங்களில் இறங்கிப் பழகிய நண்பர் இருவர்க்கும், மூன்று நாள் வேலையின்றி நீரைப் பார்த்துக்கொண்டிருத்தல் பெரும்பாடாயிற்று. முதல் நாள் முழுதும் எத்தனை மணிக்குச் சேரும் என்றே கேட்டுக்கொண்டிருந்தனர். இரண்டாம் நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள், பாய்மரத்தில் வந்தவர் எங்ஙனம் வந்தார் என்று கேட்கத் தொடங்கினர். வரலாறு படிப்பதற்கு ஏற்ற நேரம் அதுவே.

பாய்மரக் காலத்தில் வங்கக் கடலைக் கடப்பவன் விரும்பிய நாளில் புறப்படல் இயலாது. தென்மேற்குக் காற்றில் கிழக்கே செல்லுதல், அங்கே தங்கிக் காற்று மாறும் வரை காத்திருத்தல், வடகிழக்குக் காற்றில் மீளுதல் என்பதே முறை. நாகப்பட்டினத்திற்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, 1,400 கிலோமீட்டர் அளவில், நிக்கோபார்த் தீவுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. கடாரத்திற்குச் செல்லும் கலங்கட்கு அவை நடுவழிக் குறி; குடிநீரும் தேங்காயும் கிடைக்கும் இடம்.

ஏழாம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற சீனத் துறவி இ-சிங் ஒரு செய்தி எழுதி வைத்துள்ளார். கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாட்கட்கு மேல் சென்றபின் ஆடையில்லாதார் நாட்டை அடைந்ததாகவும், அம்மக்கள் சிறு படகுகளில் விரைந்து வந்து தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து இரும்பு கேட்டதாகவும், இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து அல்லது பத்துத் தேங்காய் கிடைத்ததாகவும் கூறுகின்றார். இதனைப் படித்துக் காட்டியபோது சுரங்க நண்பர் ஒருவர், "பொன்னைக் கேட்கவில்லையா?" என்றார். கேட்கவில்லை. படகு குடைய இரும்பு வேண்டும், பொன் எதற்கு?

மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து நாகர் வாழும் கரையில் ஒதுங்குகின்றான். அக்கரையை நக்கவாரத்தோடு இணைத்துக் காண்பாரும் உளர். அவனைக் கொல்ல வந்தவரிடமிருந்து அவன் பிழைத்தது வாளினால் அன்று. அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால். மேடைகளில் நாம் சாதுவனைக் காட்டிலும் இராசேந்திரனையே மிகுதியாகப் பேசுகின்றோம்.

சோழர்க்குப் பின்னும் இத்தீவுகட்குத் தமிழ்க் கரையிலிருந்தே கலங்கள் சென்றன என்பதைப் பலர் அறியார். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பிய டேனியர், 1756இல் நிக்கோபாரைத் தம் அரசர்க்கு உரியது என அறிவித்து, 'பிரெடரிக் தீவுகள்' என்று பெயரும் இட்டனர். முதலில் பெரிய நிக்கோபாரிலும் பின்னர்க் கமோர்ட்டாவிலும் குடியேற்றம் வைத்தனர். மிளகும் கரும்பும் விளையும் எனக் கணக்கிட்டு வந்தவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. அக்காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறியும் வரை, காட்டின் 'கெட்ட காற்றே' காரணம் என எண்ணினர்.

டேனியர்க்குப் பின் 1768இல் மொராவியச் சமயத் தொண்டர் தரங்கம்பாடியிலிருந்து நான்கௌரித் தீவுக்குச் சென்றனர். இவர்கள் விரைந்து வந்து விரைந்து மீண்டவர் அல்லர். ஏறத்தாழ 20 ஆண்டு தங்கினர். பொழுதெல்லாம் காட்டை வெட்டுதல், காய்ச்சலில் கிடத்தல், தரங்கம்பாடிக் கலம் வருமா என்று கடலைப் பார்த்தல்! ஒருவர் பின் ஒருவராக அங்கேயே பலர் மாண்டனர். 1787இல் முயற்சி கைவிடப்பட்டது. அவர்களுள் உயிர்தப்பிய ஹேன்சல் என்பார் முதுமையில் எழுதிய மடல்கள் 1812இல் இலண்டனில் நூலாயின. அவர்கள் அங்கிருந்த நாளிலேயே, 1778இல், ஆஸ்திரியர் வேறு வந்து தம் கொடியை நாட்டினர். தெரசா என்னும் தீவின் பெயர் அவர்தம் பேரரசியின் நினைவாக வந்தது.

டேனியரின் கடைசி வருகை இன்னும் வியப்பானது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றபோது, அதனை ஒப்படைக்கும் பணியையும் ஏற்று வந்த கப்பல் 'கலாத்தியா'. ஒப்படைத்தபின் அக்கப்பல் நிக்கோபாரை ஆராயச் சென்றது. பெரிய நிக்கோபாரின் காட்டாறு ஒன்று இன்றும் கலாத்தியா என்றே வழங்குகின்றது. தரங்கம்பாடியை இழந்த கையோடு இத்தீவுகளையும் டேனியர் நெடுநாள் வைத்திருக்க இயலவில்லை. 1868இல் உரிமையை ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்தனர். ஆங்கிலேயர் கமோர்ட்டாவில் 1869 முதல் 1888 வரை தண்டனைக் குடியிருப்பு நடத்திப் பார்த்து, அவர்களும் விட்டகன்றனர்.

ஆக, நிலத்தைத் தமதென்று அறிவிப்பதற்கு ஒரு நாள் போதியதாக இருந்தது. அந்நிலத்தில் உயிர் வாழ்வதற்கு இருபது ஆண்டும் போதவில்லை. அந்நாளெல்லாம் அங்கே வாழ்ந்த நிக்கோபாரியர், தென்னையும் தாழை இனத்து மரத்தின் பெருங்காயும் பன்றியும் மீனும் கொண்டு நன்றாகவே வாழ்ந்து வந்தனர் என்பதை ஈண்டுச் சேர்த்து எண்ண வேண்டும்.

அந்தமானின் தலைநகர் அப்போது போர்ட் பிளேர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது. அங்கே நிக்கோபார்க் கப்பலுக்கு ஐந்து நாள் காத்திருந்தோம். காற்றுக்குக் காத்திருந்த முன்னோர்க்கு இது பெரிதன்று என்று ஒருவர்க்கொருவர் ஆறுதல் கூறிக்கொண்டோம். நிக்கோபாரின் பழங்குடி நிலங்கள் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. சிறப்பு இசைவின்றி வெளியார் இறங்குதல் ஆகாது. எனவே பெரிய நிக்கோபாரின் காம்பெல் விரிகுடா வரை செல்லவும், இடைத்தீவுகளைக் கப்பல் தளத்திலிருந்தே காணவும் முடிவு செய்தோம். இதனைக் குறையாகக் கருதவில்லை. பிறர் வீட்டு வாயிலில் நின்று பார்த்தாலே போதும் என்னும் நிலை சில இடங்களில் உண்டு.

ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகன்ற பத்துப் பாகைக் கால்வாயை இரவில் கடந்தோம். கப்பல் மிகவும் ஆடியது. ஆசிரியர் நண்பர் அவ்விரவில் வரலாறு எதுவும் பேசவில்லை. காலையில் தட்டையான கார் நிக்கோபார். அதன்பின் ஒவ்வொரு தீவாக நின்று செல்லும் பயணம். நம் பாசஞ்சர் வண்டியைப் போன்றே அக்கப்பலிலும் கோழி, அரிசி மூட்டை, நோயாளி, பள்ளிப்பிள்ளை, மணப்பெண் அனைவரும் உண்டு.

தளத்தில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, கோலார் தங்கவயல்காரங்களா? அங்கயும் லைன் வீடுதானே?" என்றார். ஆம் என்றோம். "நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்று கூறி அமர்ந்தார். ஆங்கிலேயர் தந்த அந்த ஒரு சொல், சுரங்கத்தில் 'லைன்' என்றும் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் 'லயம்' என்றும் வழங்கி, அன்று கடல் நடுவே எங்களை உறவாக்கியது. அவர் கச்சால் தீவினர். மருத்துவத்திற்காகத் தலைநகர் சென்று மீள்கின்றார். எங்கள் மாணவர் கேட்ட வினாவிற்கு விடை அவரே.

இவ்விடத்தில் பழைய செய்தியைச் சிறிது கூறுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தவர் பலர். நடந்து சென்றவரின் பேரப்பிள்ளைகள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் எனக் கூறிற்று. மலையகத்திலிருந்து தலைமன்னார்க்கு இரயில், அங்கிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பல், மண்டபம் முகாம், அதன்பின் அரசு குறித்த ஊர் என்பதே தாயகம் திரும்பியோர் வழி. அவர்களுள் சில குடும்பங்கட்குக் குறிக்கப்பட்ட ஊர் கச்சால். அங்கே அரசு ரப்பர்த் தோட்டம் அமைத்திருந்தது.

முதியவரின் தந்தை இரத்தினபுரிப் பகுதியில் ரப்பர்ப் பால் வெட்டியவர். சென்னையில் மீண்டும் கப்பலேறி, தலைநகரில் இறங்கிக் காத்திருந்து, மறுபடி ஏறி, கச்சால் கரையில் கால் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி வீட்டைப் பற்றியது அன்றாம். "இங்க மழை எத்தனை மாசம்?" என்பதே. ஏழெட்டு மாதம் என்றதும், "அப்ப வெட்டுநாள் கொறையுமே" என்றாராம். மழைநீர் பட்டையில் வழிந்தால் பால் சிரட்டையில் சேராது சிதறிவிடும். நனைந்த மரத்தை வெட்டினால் பட்டை அழுகும். அதிகாலையில் வெட்டி, வெயில் ஏறுமுன் பாலைச் சேர்த்து, உறைய வைத்து, தகடாக அழுத்தி, புகைக்கூடத்தில் உலர்த்த வேண்டும். மழைக்காட்டு நடுவே ரப்பரைக் கணக்கிட்டவர் மரத்தை எண்ணினர்; வெட்டுகிறவன் மழையை எண்ணினான். யார் கணக்குச் சரியென்று கூறவும் வேண்டுமா?

எனினும் அவர்கள் வாழ்ந்தனர். காட்டின் ஓரத்தில் கோயில் எழுந்தது, பிள்ளைகள் படித்தனர், நிக்கோபாரியரோடு பண்டமாற்றும் நட்பும் வளர்ந்தன. முதியவர் நிக்கோபாரி மொழியில் தடையின்றிப் பேசுவதை, கப்பல் ஏணியருகே கேட்டோம். சாதுவனை நினைத்துக்கொண்டோம். 2000ஆம் ஆண்டின் முதல் கதிரவன் உதயத்தைக் காணும் இடமெனக் கச்சால் விளம்பரம் பெற்றது. வெளியூரார் வந்து பார்த்துவிட்டுச் சென்றனர். அவர்களுள் எத்தனை பேர் ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்தனர் என்று அவரைக் கேட்டோம், சிரித்தார்.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் மிகுதியான உயிரை இழந்த தீவுகளுள் கச்சால் ஒன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,000க்கு மேலிருந்த மக்கள்தொகை 2011இல் 2,700க்கும் குறைந்தது. இறந்தவரும் உண்டு, விட்டுச் சென்றவரும் உண்டு. முதியவர் தம் குடும்பத்தில் இழந்தவரை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அவ்வெண்ணிக்கையை யாங்கள் இங்கு எழுதவில்லை. தோட்டத்தை நடத்திய வனத்தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடுவதென 2017இல் நடுவண் அரசு முடிவு செய்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் எங்களைக் கேட்டார்: "உங்க சுரங்கத்த மூடினாங்களே, லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்களா?" 2001க்குப் பின் நாம் பட்டதையெல்லாம் கூறினோம். அவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார், எதற்கும் வியக்கவில்லை. சுரங்க நண்பர் இருவரும் அதன்பின் நெடுநேரம் அவரோடு எங்களினும் நெருங்கிப் பேசிக்கொண்டிருந்தனர்.

கச்சாலில் கப்பல் சில மணி நேரம் நின்றது. கரைவரை இறங்கிய பசுங்காடு. சரிந்த தென்னைகளின் இடையே புதிய தென்னைகள். முதியவர் மூட்டையைத் தோளில் ஏற்றி இறங்கினார். திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். இறங்க இசைவில்லாத நாங்கள் தளத்திலேயே நின்றோம்.

பெரிய நிக்கோபாரைப் பற்றி விரிக்கின் பெருகும். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அவருள் தமிழரும் உளர். காட்டின் ஊடே எல்லைச் சாலை அமைப்பினர் இட்ட சாலையின் ஓரமாக ஒரு வாரம் நடந்தே பார்த்தோம். நாள் ஒன்றுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்க்கு மேல் செல்லவில்லை, செல்லவும் தோன்றவில்லை. ஆண்டிற்கு 700 மில்லிமீட்டர் அளவே மழை காணும் நம் கோலார்ப் பகுதியினின்று சென்றவர்க்கு, 3,000 மில்லிமீட்டர்க்கும் மேல் பொழியும் அந்நிலத்தில் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியாது. மரத்தின் மேல் மரம், கொடியின் மேல் கொடி. நண்பகலிலும் மாலைபோல் ஒளி. நம் ஊரின் சயனைடு மண்மேடுகளில் ஒரு புல் முளைக்க எத்தனை ஆண்டாகும் என்று ஆசிரியர் கேட்டார். மெகாபோட் எனப்படும் கோழி போன்ற பறவை, மணலும் சருகும் குவித்து மேடு கட்டி முட்டையை அதனுள் புதைத்துவிடுகின்றது. சருகு மக்கும் வெப்பமே அடைகாக்கும். அம்மேட்டைப் பல ஆண்டு புதுப்பித்துப் பயன்கொள்ளுமாம். மண்மேட்டின் பயனை இத்தனை காலம் அறியாது போனோமே என்றார் சுரங்க நண்பர்!

காட்டின் உள்ளே சோம்பென் மக்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் 229 பேர். அவர்களை யாங்கள் காணவில்லை. காண முயலவும் இல்லை. தென்கோடியில் இந்திரா முனையில் 2004ஆம் ஆண்டு நிலமே நான்கு மீட்டர்க்கு மேல் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடல்நீரில் நிற்பதாயிற்று.

இத்தீவில் பெருந்துறைமுகம், வானூர்தி நிலையம், நகரம், மின்நிலையம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்திற்கு 2022 நவம்பரில் சூழல் இசைவு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர்க் காடு இதற்கெனக் குறிக்கப்பட்டது. கலாத்தியா விரிகுடாவிற்குப் புகலிடமாக இருந்த காப்புநிலை 2021இலேயே நீக்கப்பட்டது. நாட்டின் காவலுக்கும் வாணிகத்திற்கும் இன்றியமையாதது என்பார் கூற்றை நாம் எளிதில் தள்ளிவிடுதற்கில்லை. அங்குள்ள குடியேறிகளுள் வேலை வரும் என்று மகிழ்வாரும் உளர். ஆயினும் பொன் இருந்தவரை நமக்கு ஒளியும் நீரும் வண்டியும் தந்து, பொன் குறைந்ததும் நம்மை மறந்துவிட்ட ஓர் ஊரிலிருந்து சென்றவர் யாங்கள். மழையை எண்ணுகிறவனைக் கேளாது மரத்தை எண்ணும் கணக்கைக் கண்டால் எமக்கு அச்சமே உண்டாகின்றது.

மீண்டும் அதே கப்பல்வழியில், அதே பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்து, மொத்தம் 27 நாள் சென்றபின் மாரிகுப்பம் வந்து சேர்ந்தோம். வினவிய மாணவரிடம் விடை கூறினோம்: "மாநக்கவாரத்தில் தமிழர் உளர். படையெடுத்துச் சென்றவரின் வழியினர் அல்லர். பால் வெட்டச் சென்றவரும் அவர்தம் மக்களும்." கல்வெட்டில் ஒரு சொல்லாக நிற்கும் அவ்வெற்றிக்கு நாம் இதுகாறும் அளித்த இடத்தில் ஒரு பகுதியையேனும் இவர்கட்கு அளிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பழைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்து தட்டி வீடுகளில் குடியேறிய அந்நாளில், அதே சிற்றூர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்கட்குச் சென்றவரும் உண்டு. அவருள் தாயகம் திரும்பி அந்தமான், நிக்கோபார்த் தீவுகளில் குடியேறிய உறவினர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவர்தம் பெயர், விட்டுவந்த தோட்டம், சேர்ந்த தீவு, ஆண்டு ஆகியவற்றைச் சங்க நூலகத்தில் வைத்துள்ள குறிப்பேட்டில் எழுதுமாறு வேண்டுகின்றோம். இதுவரை அதில் ஒரு பக்கமே நிரம்பியுள்ளது.